மலைச்சரிவும் ஆய்வேட்டின் வடிவமும்: மொழி, எழுத்தறிவுக் கல்வியில் முனைவர் பட்ட ஆய்வு குறித்த ஒரு திறனாய்வு (போடிநாயக்கனூர் – ஏலமலைப் பகுதியை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

தமிழகக் கல்வியியல் துறைகளில் மொழி, எழுத்தறிவு சார்ந்து மேற்கொள்ளப்படும் முனைவர் பட்ட ஆய்வுகள் பெரும்பாலும் அளவைநிலை ஆய்வு, பிழை ஆய்வு என்னும் இரு வடிவங்களுள் அடங்கிவிடுகின்றன. எழுத்தறிவு என எதைக் கொள்வது என்னும் முடிவைக் களத்திற்குச் செல்லுமுன்பே இவ்வடிவங்கள் எடுத்துவிடுகின்றன. பல மொழிகளும் இரு மாநிலங்களும் கூடும் போடிநாயக்கனூர் – ஏலமலைச் சரிவை முன்வைத்து, இவ்வடிவங்களின் ஆற்றலையும் எல்லையையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. தமிழ் எழுத்தறிவு குறித்து மானிடவியல், வரலாற்றுத் துறைகளில் எழுந்த ஆய்வுகள் கல்வியியலுக்கு விடுக்கும் கேள்விகளையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: எழுத்தறிவு நடைமுறை, முனைவர் பட்ட ஆய்வு, பிழை ஆய்வு, இரட்டை வழக்கு, முதுவர், ஏலமலை, போடிநாயக்கனூர்.

முன்னுரை

ஓர் ஆய்வேட்டின் முடிவுகளை மதிப்பிடுவது ஒருவகைத் திறனாய்வு. அம்முடிவுகள் பிறப்பதற்கு இடங்கொடுத்த வடிவத்தை மதிப்பிடுவது மற்றொரு வகை. கல்வியியல் ஆய்வேடுகள் முதல்வகை மதிப்பீட்டை வாய்மொழித் தேர்விலேயே பெற்றுவிடுகின்றன. இரண்டாம் வகை மதிப்பீடு அரிதாகவே நிகழ்கிறது. முன்னுரை, தொடர்புடைய இலக்கிய மீள்பார்வை, ஆய்வுமுறை, தரவுப் பகுப்பாய்வு, முடிவுகளும் பரிந்துரைகளும் என்னும் ஐந்து இயல்கள் எல்லாக் களங்களுக்கும் பொருந்தும் என்பது கேட்கப்படாத கேள்வியாகவே நிற்கிறது.

அக்கேள்வியைக் கேட்பதற்குப் போடிநாயக்கனூர் தகுந்த இடம். 1996இல் உருவான தேனி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் இந்நகரம் அமைந்துள்ளது. இங்கிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதை 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கேரளத்தின் உடும்பஞ்சோலை வட்டத்திலுள்ள பூப்பாறை வழியாக மூணாறுக்குச் செல்கிறது. விடியற்காலையில் தேனி மாவட்டத் தொழிலாளர்கள் ஜீப்புகளில் ஏலத்தோட்டங்களுக்கு ஏறிச்சென்று மாலையில் இறங்குகின்றனர். மலையில் விளைந்த காய், தரம் பிரிக்கப்படவும் விற்கப்படவும் போடிக்கு வருகிறது. நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் கேரளத்தின் புத்தடியிலும் தமிழகத்தின் போடியிலும் நடைபெறுகிறது. நகரின் கலை அறிவியல் கல்லூரியே ஏலத்தோட்டக்காரர் சங்கத்தின் பெயரைத் தாங்கியது. ஆக, பயிர், கூலி, வணிகம், கல்வி ஆகியவை ஒரே சரிவில் பிணைந்து கிடக்கின்றன. இச்சரிவில் எழுத்தறிவு குறித்து முனைவர் பட்டம் பெற முனையும் ஒருவருக்குக் கிடைக்கும் ஆய்வுக் கருவிகள் எவை, அவை எவற்றைக் காட்டும், எவற்றை மறைக்கும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

‘ஊரகம், நகரம்’ என்னும் மாறி

அளவைநிலை ஆய்வின் அமைப்பு கல்வியியல் ஆய்வாளர் அனைவரும் அறிந்தது. ஒரு மாவட்டத்தின் பள்ளிகளிலிருந்து மாதிரி எடுக்கப்படும். அடைவுத் தேர்வு ஒன்றும், மனப்பாங்கு அளவி ஒன்றும் வழங்கப்படும். பாலினம், வாழிடம், பள்ளி வகை, பெற்றோர் கல்வி, பெற்றோர் தொழில் ஆகியவை மாறிகளாகும். இன்மைக் கருதுகோள்கள் அமைக்கப்பட்டு, டி-சோதனை, மாறுபாட்டுப் பகுப்பாய்வு, ஒட்டுறவுக் கெழு ஆகியவற்றால் ஏற்கப்படும் அல்லது மறுக்கப்படும்.

இவ்வடிவத்தின் பயனை மறுப்பதற்கில்லை. ஒரு மாவட்டத்தில் எத்தனை குழந்தைகள் ஐந்தாம் வகுப்பிலும் ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்க இயலாதிருக்கின்றனர் என்பதை ஒரு வகுப்பறையை மட்டும் உற்றுநோக்கி அறிய முடியாது. அரசின் திட்டங்களை ஒப்பிட்டு மதிப்பிட எண்கள் வேண்டும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் ஆகியன கற்றல் நிலைகளைக் குறித்த அளவீடுகளை அடியொற்றியே வாதிடப்பட்டன.

சிக்கல் மாறிகளின் வரையறையில் தொடங்குகிறது. ‘வாழிடம்’ என்னும் மாறிக்கு ஊரகம், நகரம் என்னும் இரு மதிப்புகளே வழக்கமாக உள்ளன. குரங்கணியும் கொட்டகுடியும் அகமலையும் ‘ஊரகம்’ என்னும் ஒரே கட்டத்துள் அடங்கும். ஆனால், கொழுக்குமலை தமிழகத்தின் தேனி மாவட்டத்தில் இருந்தும், வண்டியில் அங்குச் செல்வோர் கேரளத்தின் சூரியநெல்லி வழியாகவே ஏற வேண்டியுள்ளது. ஆட்சி எல்லையும் அன்றாடப் போக்குவரவும் வேறுபடும் இத்தகைய ஊருக்கும், சமவெளியில் நெல்லும் வாழையும் விளையும் ஓர் ஊருக்கும் பொதுவானது ‘ஊரகம்’ என்னும் பெயர் மட்டுமே. ‘பெற்றோர் தொழில்: கூலி’ என்னும் பதிவும் இத்தகையதே. உள்ளூரிலேயே கூலி வேலைக்குச் சென்று நண்பகலில் வீடு திரும்பும் தாயின் குழந்தையும், இருட்டில் ஜீப் ஏறி இருட்டில் வீடு சேரும் தாயின் குழந்தையும் ஒரே எண்ணாகின்றனர். குழந்தையின் வீட்டுப்பாடத்தை யார், எந்த நேரத்தில் பார்க்கிறார் என்னும் எழுத்தறிவுக் கேள்வி அங்கேயே மறைந்துவிடுகிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எழுத்தறிவு வரையறையையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். 7 வயதும் அதற்கு மேலும் உடைய ஒருவர், ஏதேனும் ஒரு மொழியில் பொருளுணர்ந்து படிக்கவும் எழுதவும் இயலுமாயின் எழுத்தறிவு பெற்றவராவார். எந்த மொழி என்பதும், அவ்வறிவு எங்குப் பயன்படுகிறது என்பதும் அவ்வரையறைக்குத் தேவையற்றவை. கணக்கெடுப்புக்கு அது போதுமானது. முனைவர் பட்ட ஆய்வுக்குப் போதாது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் விழுக்காட்டை முதல் இயலில் எடுத்தாண்டு, அதனையே எழுத்தறிவின் பொருளாகக் கொண்டு தொடரும் ஆய்வேடு, தன் மையக் கருத்தாக்கத்தை ஆராயாமலே ஏற்றுக்கொள்கிறது.

பிழை ஆய்வும் பிழையெனப்படுவதும்

மொழிக்கல்வியில் பரவலாக மேற்கொள்ளப்படும் மற்றொரு வடிவம் பிழை ஆய்வு. மாணவர் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து, ர–ற, ல–ள–ழ, ந–ன–ண மயக்கங்கள், ஒற்றுப்பிழைகள், சந்திப்பிழைகள், பேச்சு வழக்குக் கலப்பு என வகைப்படுத்தி எண்ணுவது இதன் முறை. இதன் கோட்பாட்டு மூலமாகப் பிட் கார்டர் 1967இல் எழுதிய கட்டுரை சுட்டப்படுவதுண்டு. கற்போரின் பிழை அவரது உள்ளத்தில் உருவாகிவரும் மொழி அமைப்புக்குச் சான்று என்பதே கார்டரின் கருத்து. ஆனால், நடைமுறையில் பிழைகள் எண்ணப்படுகின்றன. அவற்றின் பின்னுள்ள அமைப்பு தேடப்படுவதில்லை. கோட்பாடு இரண்டாம் இயலோடு நின்றுவிட, நான்காம் இயலில் திருத்துநரின் சிவப்பு மை மட்டும் எஞ்சுகிறது.

ஏலமலைச் சரிவில் இவ்விடைவெளி தெளிவாகப் புலப்படும். தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக் குழந்தை ஒன்று சில ஆண்டுகள் மலைமேல் மலையாள வழிப் பள்ளியிலும், பின்னர் போடியில் தமிழ்வழிப் பள்ளியிலும் பயில நேரிடுவதாகக் கொள்வோம். மலையாள எழுத்துமுறையில் ஒலிப்புடை, ஒலிப்பிலா வல்லொலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் உண்டு. தமிழில் ‘க’ என்னும் ஒரே எழுத்து இடத்திற்கேற்ப வெவ்வேறாக ஒலிக்கும். மலையாள வினைமுற்றில் திணை, பால், எண், இடம் காட்டும் விகுதிகள் இல்லை. தமிழில் அவை இன்றியமையாதவை. ஆகவே, அக்குழந்தை வினைமுற்றின் விகுதியை விட்டு எழுதினால், அது கவனக்குறைவன்று. ஒரு மொழியின் விதியை மற்றொன்றில் ஒழுங்காகச் செயற்படுத்திய சான்று அது. பிழை அட்டவணை இதனை ‘இலக்கணப் பிழை’ என்னும் நிரலில் ஓர் எண்ணாகச் சேர்க்கும்.

இருமொழிச் சூழல் இல்லாத குழந்தைக்கும் தமிழின் இரட்டை வழக்கு இதே சிக்கலைத் தருகிறது. ‘வந்துச்சு’ என எழுதும் குழந்தை, தான் பேசும் மொழியின் வினை அமைப்பைச் சரியாகவே எழுத்தில் வடித்துள்ளது. அது கற்க வேண்டியது, எழுத்து வழக்குக்கு ‘வந்தது’ என்னும் வேறொரு வடிவம் உண்டு என்பதையே. பேச்சுத்தமிழின் அமைப்பைக் குறித்து மு. சண்முகம் பிள்ளை முதலியோர் ஆராய்ந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும், தமிழின் இரட்டை வழக்கு குறித்துப் பிரான்சிஸ் பிரிட்டோவின் நூல் 1986இலேயே வெளிவந்தும், பிழை ஆய்வேடுகளில் பேச்சுத்தமிழ் ஓர் அமைப்பாக அன்றி ஒரு கலப்படமாகவே இடம்பெறுகிறது.

முதுவர் குழந்தைகளிடம் இதன் விளைவு இன்னும் கடுமையானது. மதுரையிலிருந்து தெய்வ உருவை முதுகில் சுமந்து மலையேறியவர்கள் என்பது முதுவர் தம்மைக் குறித்துச் சொல்லும் மரபு வரலாறு. குரங்கணிக்கு அருகிலுள்ள முதுவாக்குடி தொடங்கி, எல்லைக்கு அப்பால் தேவிகுளம் வட்டம் வரை அவர்தம் குடியிருப்புகள் பரவியுள்ளன. அவர்தம் பேச்சு தமிழ், மலையாளம் இரண்டோடும் உறவுடையது. இரண்டுள் எதன் பாடநூல் மொழியும் அன்று. அக்குழந்தையின் எழுத்தைத் தமிழ்ப் பாடநூலை மட்டும் அளவுகோலாக வைத்து எண்ணினால், கிடைப்பது குழந்தையின் மொழியறிவு குறித்த தரவன்று. பாடநூலுக்கும் குழந்தைக்கும் உள்ள தொலைவு குறித்த தரவு. அத்தொலைவு ‘மெல்லக் கற்போர்’ என்னும் பெயரில் குழந்தையின் மேல் ஏற்றப்படுகிறது. பள்ளியில் ஏற்கெனவே வழங்கும் அப்பெயருக்கு ஆய்வேட்டின் அட்டவணை புள்ளியியல் ஒப்புதலும் அளித்துவிடுகிறது. வடிவத்தைக் குறித்த கேள்வி வெறும் முறையியல் விவாதமாக இங்கு நின்றுவிடுவதில்லை. ஒரு குழந்தையின் பள்ளி வாழ்வு அதனோடு தொடர்புடையது.

பிற துறைகள் கேட்ட கேள்விகள்

தமிழ்ச் சூழலின் எழுத்தறிவை ஆழமாக ஆராய்ந்த நூல்கள் சில கல்வியியல் துறைகளின் வழக்கமான வடிவத்திற்கு வெளியே தோன்றியுள்ளன. மானிடவியலாளர் பிரான்சிஸ் கோடி புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தைக் களமாகக் கொண்டு எழுதிய ‘அறிவின் ஒளி’ என்னும் பொருள்படும் ஆங்கில நூல் 2013இல் கார்னெல் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழி வெளிவந்தது. எத்தனை பேர் எழுதக் கற்றனர் என்பது அவரது முதன்மைக் கேள்வியன்று. கைநாட்டிலிருந்து கையொப்பத்திற்கு மாறிய பெண்கள் ஆட்சியர் அலுவலகத்தில் மனு அளிக்கும்போது என்ன நிகழ்கிறது என்பதை அவர் ஆராய்கிறார். கையொப்பம் தன்னுரிமை பெற்ற குடிமகளின் அடையாளம் என இயக்கம் நம்பியது. மனுவின் மொழியோ பணிந்து வேண்டுவோரின் மொழியாகவே நீடித்தது. எழுத்தறிவு விடுதலையையும் பணிவையும் ஒருசேரக் கற்பிக்கக்கூடும் என்னும் இம்முரணை எந்த அடைவுத் தேர்வும் வெளிப்படுத்தியிராது.

பவானி ராமன் 2012இல் வெளியிட்ட ‘ஆவண ஆட்சி’ என்னும் பொருள்படும் ஆங்கில நூல், தொடக்கக் காலனியச் சென்னை மாகாணத்தில் கச்சேரிக் கணக்கர்களும் எழுத்தர்களும் ஆவணங்களும் அதிகாரத்தை எவ்வாறு கட்டமைத்தன என்பதை வரலாற்று நோக்கில் காட்டுகிறது. து. செந்தில் பாபு 2022இல் வெளியிட்ட நூல், திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடி, நினைவாற்றல் பயிற்சி ஆகியவற்றை அக்காலத் தொழில், நிலம், கூலி ஆகியவற்றோடு இணைத்து நோக்குகிறது. எழுத்தும் எண்ணும் வேலையின் உலகிலிருந்து பிரிக்கப்படாதவை என்பது இவ்விரு நூல்களாலும் உறுதிப்படுகிறது.

உலக அளவில் இந்நோக்கின் கோட்பாட்டு அடித்தளத்தைப் பிரையன் ஸ்ட்ரீட் 1984இல் வகுத்தார். ஈரானின் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில், சமயப் பள்ளியில் பெற்ற எழுத்தறிவைப் பழ வணிகத்தின் கணக்குகளுக்கும் பதிவுகளுக்கும் மக்கள் மாற்றிப் பயன்படுத்தியதை அவர் பதிவுசெய்தார். எழுத்தறிவு எங்கும் ஒரே தன்மையதான திறன் என்னும் எண்ணத்தை அதன்வழி மறுத்தார். ஷெர்லி பிரைஸ் ஹீத் 1983இல் அமெரிக்கச் சிற்றூர்களைக் குறித்து எழுதிய நூல், வீட்டின் மொழிப்பழக்கமும் பள்ளியின் மொழிப்பழக்கமும் பொருந்தாதபோது குழந்தை எவ்வாறு பின்தங்கியதாகத் தோன்றுகிறது என்பதைக் காட்டியது. மலையடிவாரம், விளைபொருள், வணிகக் கணக்கு என்னும் வகையில் ஸ்ட்ரீட்டின் களம் போடிக்கு மிக அண்மையது.

எனினும், இந்நூல்களை அப்படியே படியெடுக்கும் மாதிரிகளாகக் கொள்வதும் பொருந்தாது. கோடியின் ஆய்வு வளர்ந்தோர் இயக்கத்தைப் பற்றியது; பள்ளிக் குழந்தை அதன் மையத்தில் இல்லை. புதுக்கோட்டையின் சிற்றூர்களில் சாதியும் பாலினமும் பிரிக்கும் அளவுக்கு மொழி மக்களைப் பிரிப்பதில்லை. ஏலமலைச் சரிவில் மொழியே முதற்பிரிவாக அமைகிறது. மேலும், இவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. தமிழ் எழுத்தறிவைக் குறித்த கருத்தாக்கங்கள் தமிழில் வாதிடப்படாமல் இருப்பதால், கல்வியியல் ஆய்வாளர்கள் அவற்றை மேற்கோளாகப் பயன்படுத்துகின்றனரேயன்றி உரையாடலாக ஏற்பதில்லை. வகுப்பறையை அறிந்தவர்கள் கல்வியியலாளர்கள். எழுத்து நடைமுறையை ஆராயக் கற்றவர்கள் மானிடவியலாளரும் வரலாற்றாளரும். இரண்டும் ஓர் ஆய்வேட்டில் கூடுவது அரிதாகவே உள்ளது.

சரிவில் உள்ள எழுத்து

போடி – ஏலமலைச் சரிவில் எழுத்து எங்கெல்லாம் உள்ளது எனப் பார்த்தால், பள்ளி அதன் ஒரு பகுதி மட்டுமே என்பது விளங்கும். தோட்டத்தின் வருகைப் பதிவேடு, முன்பணக் கணக்கு, எடைச்சீட்டு, ஏல மையத்தில் காயின் தரத்தையும் விலையையும் காட்டும் திரை, இரு மாநிலங்களின் குடும்ப அட்டைகள், பேருந்துகளின் இருமொழிப் பெயர்ப்பலகைகள், கைப்பேசிச் செய்திகள் ஆகியன அன்றாட எழுத்துகள். ஏறத்தாழ 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் 1 கிலோ காய் கிடைக்கும் என்னும் கணக்கைத் தரம் பிரிக்கும் பெண் மனத்துள் போட்டுவிடுவார். அவரே ‘எழுத்தறிவற்ற பெற்றோர்’ எனப் பள்ளியின் பதிவில் குறிக்கப்படக்கூடும். எடைச்சீட்டை யார் எழுதுகிறார், யார் வாசிக்கிறார், ஐயம் எழும்போது யாரிடம் காட்டுகின்றனர் என்னும் வினாக்கள் எழுத்தறிவுக் கல்வியின் வினாக்களே.

ஏலமலைக்கு வடக்கே, தேவிகுளம் வட்டத்துக் காட்டுக்குள் 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக உருவான இடமலைக்குடியில், முதுவர் குடியிருப்பொன்றின் தேநீர்க் கடையில் பி.வி. சின்னத்தம்பி என்பவர் 160 நூல்கள் கொண்ட நூலகம் நடத்தியதைப் பி. சாய்நாத் 2014இல் பதிவுசெய்தார். சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும் அந்நூல்களுள் ஒன்று. நூல் பெற்றவர் விவரம் ஒரு பதிவேட்டில் குறிக்கப்பட்டது. சாலை வசதியற்ற ஊரில் இலக்கிய வாசிப்பு நிகழ்ந்தது என்பது பழங்குடியினரின் ‘குறைந்த வாசிப்பு ஆர்வம்’ குறித்த பொதுமையாக்கத்துக்கு எதிர்ச்சான்று. வாசிப்பு மனப்பாங்கு அளவி ஒன்று அவ்வூருக்குச் சென்றிருந்தால், இந்நூலகத்தைக் கேட்பதற்கான வினா அதில் இருந்திருக்குமா என்பது ஐயமே.

சட்டத்தின் நிலையிலும் இச்சரிவு சிறப்பான ஆய்வுப்பொருள். 1956 மொழிவழி மாநிலச் சீரமைப்பில் தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தோடு சேர்ந்தன. தமிழகத்தின் தமிழ் கற்றல் சட்டம் 2006இலும், கேரளத்தின் மலையாள மொழி கற்றல் சட்டம் 2017இலும் நிறைவேறின. ஒவ்வொன்றும் தன் மாநிலத்தின் மொழியைப் பள்ளியில் கட்டாயமாக்குகிறது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்வி கிடைக்க வழிசெய்யுமாறு அரசியலமைப்பின் 350அ பிரிவு கூறுகிறது. பருவந்தோறும் மலையேறி இறங்கும் குடும்பத்தின் குழந்தைக்கு இம்மூன்றும் ஒரே நேரத்தில் எவ்வாறு பொருந்துகின்றன என்பதை வகுப்பறையில் இருந்து ஆராய்வது ஒரு முனைவர் பட்டத்துக்கு முழுமையான பொருளாகும்.

காலமும் நெறிமுறையும்

இத்தகைய ஆய்வு ஏன் அரிதாக உள்ளது என்பதற்கு ஆய்வாளரின் ஆர்வமின்மையைக் காரணமாகக் கூறுவது நேர்மையன்று. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டுகளும், மறுபதிவு இன்றி மிகுதியாக 6 ஆண்டுகளும் உரியன. அதனுள் குறைந்தது 12 மதிப்பலகுகள் கொண்ட பாடப்பயிற்சியும் அடங்கும். ஆய்வுக்கு முன்பயிற்சிக் களமாக விளங்கிய இளமுனைவர் பட்டம் நீக்கப்பட்டுவிட்டது. களத்தில் ஓராண்டு தங்குதல், மற்றொரு பேச்சுமொழியைக் கற்றல், வனத்துறை, கல்வித்துறை அனுமதிகளைப் பெறுதல் ஆகியவற்றை இக்காலத்துள் முடிக்க உதவித்தொகை இல்லாத ஆய்வாளருக்கு இயலாது. வினாநிரலைப் பள்ளிகளில் வழங்கி ஒரு பருவத்துள் தரவு திரட்டிவிடலாம் என்னும் உறுதியே அளவைநிலை வடிவத்தை நிலைநிறுத்துகிறது.

எனினும், அதே நெறிமுறைகள் பகுதிநேர ஆய்வுக்கும் இடமளிக்கின்றன. மலைப்பள்ளியில் ஆண்டுக்கணக்கில் பணியாற்றும் ஆசிரியருக்கு, வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் பெற இயலாத களஅறிவும் மக்களின் நம்பிக்கையும் ஏற்கெனவே உள்ளன. அவர் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும்போது, அவ்வறிவைத் தவிர்த்து, தம் பள்ளியைப் ‘பள்ளி எண் 7’ ஆக்கும் வடிவத்தையே கற்கிறார். நடுநிலை என்னும் பெயரில் அவரது மிகச்சிறந்த தரவு விலக்கப்படுகிறது. ஆசிரியர் என்னும் நிலையின் சார்பை மறைக்காமல் எழுதி, அதனையும் பகுப்பாய்வுக்கு உட்படுத்தும் முறையை நெறியாளர்கள் கற்பிப்பார்களாயின், தடையாகத் தோன்றுவதே வளமாகும். ஆய்வுக்குழுவில் ஒரு மொழியியலாளரோ மானிடவியலாளரோ இடம்பெறுவதும், குழந்தைகளின் எழுத்துகளைப் பெயர் நீக்கிப் பின்னிணைப்பாக முழுமையாகத் தருவதும் செலவின்றிச் செய்யத்தக்கவை. பின்னிணைப்பில் எழுத்துகள் இருந்தால், ‘பிழை’ எனக் குறிக்கப்பட்டதைப் பிறிதோர் ஆய்வாளர் வேறு கண்ணோடு வாசிக்க இயலும். சோத்கங்கா போன்ற களஞ்சியங்களில் ஆய்வேடுகள் சேரும் இக்காலத்தில், எண்களைவிட இத்தரவுகளே நெடுங்காலம் பயன்தரும்.

முடிவுரை

அளவைநிலை ஆய்வும் பிழை ஆய்வும் கைவிடத்தக்கன அல்ல. அவை எந்த வினாவுக்கு விடையளிக்கும் என்பதை அறிந்து பயன்படுத்த வேண்டும். வாழிடம் என்னும் மாறி சரிவைச் சமவெளியாக்குகிறது. பிழை அட்டவணை மொழியறிவைக் குறைபாடாக்குகிறது. இவ்விரண்டையும் திருத்தாமல் ஏலமலையிலிருந்து திரட்டப்படும் தரவு, அம்மலையைப் பற்றி ஏதும் சொல்லாது. எழுத்தறிவு மக்களின் வேலையோடும் மொழிகளோடும் இணைந்த நடைமுறை என்பதைப் பிற துறைகள் ஆங்கிலத்தில் நிறுவியுள்ளன. வகுப்பறைக்குள் அது எவ்வாறு வாழ்கிறது என்பதைத் தமிழில் நிறுவும் பணி கல்வியியலுக்கு உரியது. எடைச்சீட்டை வாசிக்கும் தாயையும், இரு மொழிகளின் விதிகளை ஒருசேரக் கையாளும் குழந்தையையும் அறிவுடையோராகக் காணும் வடிவத்தை முதலில் அமைத்துக்கொள்ளும் ஆய்வேட்டுக்கே அப்பணி கைகூடும்.